சனிக்கிழமை இரவில் எழுதிய பல்லவிகள்

கடலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அவருடைய பங்கில் (கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில்) பதினோரு ஆண்டுகள் கீபோர்டு வாசித்துப் பாடகர் குழுவை நடத்தியவர் 2025 மார்ச் 17 அன்று, 34 வயதில் காலமாகிவிட்டார். மனைவியும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள். முதலாண்டு நினைவை எல்லோருக்கும் விடுமுறையாக இருக்கும் ஞாயிறு, 2026 மார்ச் 15 அன்று வைக்கலாமா, திருப்பலி (பூசை) முழுவதும் அவர் இசையமைத்த பாடல்களையே பாடலாமா, ஆல்பம் வெளியிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். கடைசியில், போகிற போக்கில், இன்னொரு வரி: "அவருடைய பாட்டையே பாடினாலும் அவர் பாட்டு மாதிரி வரவில்லை." உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றுக்கும் விதிப்புத்தகத்தில் பதில் இருக்கிறது.

நான் குருவானவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. புதுவைக்குத் தெற்கே கடலோரப் பங்கு ஒன்றில் 1986 முதல் ஆர்மோனியம், பிறகு கீபோர்டு என்று வாசித்து வருகிறவன். மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதப் படிக்க ஒரு கன்னியாஸ்திரீ கற்றுக்கொடுத்தார். திருவழிபாட்டு விதிகளை அவ்வப்போது பங்குத்தந்தையரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். ஆகவே எதை விதியாகச் சொல்கிறேன், எதை அனுபவத்தில் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

விதி தெளிவாக இருப்பதை முதலில் முடித்துவிடுவோம். மார்ச் 15 தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. முதலாண்டு நினைவுக்கான இரங்கல் திருப்பலியை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க முடியாது. அந்த ஞாயிற்றின் வாசகங்களும் மன்றாட்டுகளும் அப்படியே இருக்க வேண்டும்; அவருடைய ஆன்மா இளைப்பாற்றிக்காகத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம், விசுவாசிகள் மன்றாட்டில் பெயரைச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் முதலாண்டு நாளன்று, அது தவக்கால வாரநாளாக இருந்தாலும், திருநீற்றுப் புதனும் புனித வாரமும் தவிர, இரங்கல் திருப்பலி வைக்க விதி இடம் தருகிறது. மார்ச் 17 செவ்வாய்க்கிழமை. உங்கள் பங்கில் செவ்வாய்தோறும் அந்தோனியார் நவநாள் வழிபாடு உண்டென்றால் மாலையில் எப்படியும் கூட்டம் வரும். என் பரிந்துரை: திருப்பலியைச் செவ்வாய் மாலையில் வையுங்கள், பேச்சு, புகைப்படம், கண்ணீர் எல்லாவற்றையும் ஞாயிறு மாலை பங்கு மன்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடக்கத் திருப்பலியில் மறையுரையின் இடத்தில் புகழுரை கூடாது என்பது விதி. ஆண்டு நினைவுக்கும் அந்தக் கட்டுப்பாடு நல்லது என்பது என் கருத்து. மைக் கிடைத்த மைத்துனர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். தனி வாசிப்பு கிடையாது. ஆகவே அவருடைய சீடப்பிள்ளை ஒருவர் நன்மை (திருவிருந்து) வாங்கும் நேரத்தில் கீபோர்டில் அஞ்சலி வாசிக்கும் எண்ணம் இருந்தால் செவ்வாய்க்கிழமை அதற்கு ஏற்ற நாள் அல்ல. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடைக்கு விலக்குள்ள நாட்களில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் ஒன்று. ஆக, 15-ஆம் தேதி திருப்பலியில் வாசிக்கலாம்.

இப்போது "முழுக்க முழுக்க அவருடைய பாடல்கள்" என்பதற்கு வருகிறேன். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் ஆகியவற்றின் வரிகளுக்குத் திருச்சபையின் ஒப்புதல் வேண்டும் என்பது எழுதிய விதி. நடைமுறையில் அது பங்குத்தந்தையின் தலையசைப்போடு முடிகிறது. அவர் தலையசைத்தால் பாடுங்கள். ஆனால் முதல் வாசகத்துக்குப் பிறகு சபை பல்லவியைத் திருப்பிப் பாடும் பதிலுரைப் பாடலின் இடத்தில் வேறு பாட்டு வைக்கக்கூடாது. அங்கே வர வேண்டியது விவிலியத்தின் திருப்பாடல் (சங்கீதம்). இதைத் தடையாக நினைக்காதீர்கள். உங்கள் மாஸ்டரின் பெரும் படைப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒரு பங்கில் கீபோர்டு வாசிப்பவர் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டுப் போடுவார். அதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், ஆல்பத்திலும் அதுதான் வரும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும், மறுநாள் பதிலுரைப் பாடலின் பல்லவிக்கு அவர் ஒரு மெட்டுப் போட்டிருப்பார். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. எட்டு மணிக்குத் தொடங்கி, ஒன்பதரைக்கு முடித்து, காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி, காலைப் பூசைக்குக் கால் மணி நேரம் முன்பு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பூசை முடிந்ததும் மறந்துவிடுவார். ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல். பதினோரு ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல். பழைய மெட்டைத் திரும்ப எடுத்தது பாதி என்று வைத்தாலும் இருநூற்று ஐம்பது. சபை யோசிக்காமல் திருப்பிப் பாடக்கூடிய மெட்டை இரண்டு வரிக்குள் போடுவது எவ்வளவு கடினம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து நிமிடத் திருவிழாப் பாட்டு அதைவிடச் சுலபம்.

ஞாயிறு வாசகங்கள் ஏ, பி, சி என்று மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. 2026 ஏ ஆண்டு. இதற்கு முந்தைய ஏ ஆண்டு 2023, அதற்கும் முன்னால் 2020, 2017. மார்ச் 15 அன்று வருவது திருப்பாடல் 23, ஆயர் பாடல். அதே திருப்பாடல் அதே பல்லவியோடு 2023-இல் மார்ச் 19 அன்று வந்தது. 2020-இல் அந்த ஞாயிறு மார்ச் 22, நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு இருந்த நாள், அதை விட்டுவிடுங்கள். அவர் 2023-இல் அந்தப் பல்லவிக்குப் போட்ட மெட்டு கிடைத்தால், ஞாயிறு திருப்பலியில் ஒரு விதியையும் தொடாமல், ஒரு வார்த்தை புகழுரை பேசாமல், அவருடைய இசையைச் சபை முழுவதும் திருப்பிப் பாடும். பாஸ்கா (உயிர்ப்பு) காலத்தின் நான்காம் ஞாயிறான ஏப்ரல் 26 அன்றும் அதே திருப்பாடல் திரும்ப வருகிறது. இப்படி ஒவ்வொரு பல்லவியும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தன் ஞாயிற்றில் தானாக வந்து நிற்கும்.

இதை நான் பெரிய அறிவாளியாகச் சொல்லவில்லை. கோட்டை விட்டவனாகச் சொல்கிறேன். என்னோடு வாசித்த நண்பர் ஒருவர் 2008-இல், 33 வயதில், பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் ஏழு. வீட்டார் என்னிடம் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு நினைவுக்குப் புத்தகமாகப் போடலாம் என்று சொல்லி, கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குமேல் வைத்துப் பூட்டினேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தது. ஓடு பறந்தது. ஜெல் பேனாவில் எழுதிய நோட்டு நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாள் இருக்கும், எழுத்து நீலச் சாயமாக வடிந்திருக்கும். பிறகு ஆறேழு பேரை உட்காரவைத்து நினைவிலிருந்து பாடச் சொல்லி எடுத்ததில் ஒன்பது பல்லவிகள் தேறின. ஒன்பது. அந்த நோட்டுகளை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்திருந்தால் போதும். கல்லறைத் திருநாளுக்கு அவர் கல்லறையில் பூ வைக்கும்போது இன்னும் எனக்கு அந்தப் பூட்டுதான் நினைவுக்கு வருகிறது.

உங்களுக்கு என் காலத்தில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2020 ஊரடங்கிலிருந்து பல பங்குகள் ஞாயிறு திருப்பலியை யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் நேரலையாகப் போட்டன. உங்கள் பங்கும் போட்டிருந்தால், ஒவ்வொரு பதிவிலும் முதல் வாசகம் முடிந்தவுடன் பதிலுரைப் பாடல் இருக்கும். பெரும்பாலும் பதினைந்தாவது நிமிடத்தைச் சுற்றித் தேடினால் போதும். ஒரு மாலையில் பத்து ஞாயிறுகளைப் பார்த்துவிடலாம். ஃபேஸ்புக்கில் இருந்தால் அவசரப்படுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து அந்நிறுவனம் நேரலைப் பதிவுகளை 30 நாட்களுக்கு மேல் வைப்பதில்லை. பழையவற்றையும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அழிக்கத் தொடங்கியது. அடுத்தது பாடகர் குழுவினரின் கைப்பேசிகள். பயிற்சியின்போது யாராவது பதிவு செய்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் காணொளியை அப்படியே அனுப்பினால் சுருங்கி ஒலி கெட்டுப்போகும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் போய்க் கேபிளில் எடுங்கள். நோட்டுகளை வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும், பின் அட்டை உட்பட, படம் எடுங்கள். மூன்று படிகள் மூன்று வீடுகளில் இருக்கட்டும், ஒன்றாவது கடலைவிட்டுத் தள்ளி.

கீபோர்டை இப்போது யாரும் துடைத்துச் சுத்தம் செய்து புதிதுபோல் ஆக்கக்கூடாது. குறிப்பாக, புதிதாக வாசிக்க வரும் பையன் தொழிற்சாலை நிலைக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினால் அவர் சேமித்து வைத்த ஒலிகளும் தாளங்களும் ஒரு நொடியில் போய்விடும். முதலில் அவற்றைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். கருவியின் மாடல் எண்ணையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் நோட்டில் "ஸ்டைல் 48, டெம்போ 96" என்று இருந்தால் அந்த 48 அந்த மாடலில் மட்டும்தான் அந்தத் தாளம். வேறு கருவியில் அதே எண் டிஸ்கோவாக இருக்கும். திருவிருந்துப் பாட்டு டிஸ்கோவில் தொடங்கிய ஒரு ஞாயிறு எங்களுக்கும் உண்டு.

அடுத்து நோட்டில் உள்ள சுருதி. நம் பக்கத்துக் கோயில் வாசிப்பாளர்களில் பலர் விரலுக்கு எளிதான சி ஸ்கேலிலேயே (ஒரு கட்டை) வாசித்து, டிரான்ஸ்போஸ் பொத்தானால் சுருதியை ஏற்றிக்கொள்வார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். ஆகவே நோட்டில் எல்லாப் பாட்டுக்கும் சி, எஃப், ஜி என்றுதான் கார்டு (சேர்த்து அழுத்தும் சுரங்களின் பெயர்) இருக்கும். பக்கத்தில் சிறியதாக "+3" என்றிருந்தால் அந்தப் பாட்டு இரண்டரைக் கட்டை. "+2" என்றிருந்தால் இரண்டு கட்டை. அந்த எண்ணைக் கவனிக்காமல் சி என்று பார்த்து ஒரு கட்டையில் பாடினால் பாட்டு அடித்தொண்டையில் முனகும். உங்களுக்கு "அவர் பாட்டு மாதிரி வராததற்கு" இது ஒரு காரணமாக இருக்கலாம். நேரலைப் பதிவோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் எந்த நோட்டிலும் இருக்காது. நல்ல கோயில் வாசிப்பாளர் சபையைப் பார்த்து வாசிப்பவர். விடியற்காலைப் பூசைக்கு யாருக்கும் குரல் எழும்பாது, ஆகவே ஒரு கட்டை இறக்குவார். பின்வரிசைப் பாட்டிமார் பல்லவியின் கடைசிச் சொல்லை இழுப்பார்கள். அவர்கள் முடிக்கும்வரை அடுத்த சரணத்தின் முதல் கார்டை வைக்கமாட்டார். பல்லவி முதல்முறை சொல்லும்போது மெட்டைத் தானே சேர்த்து வாசித்து, இரண்டாம் முறை மெட்டை விட்டுக் கார்டை மட்டும் பிடித்தால், சபை தன் குரலைத் தானே கேட்டுத் துணிந்து பாடும். இவையெல்லாம் உங்கள் மாஸ்டர் செய்தாரா என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் பாட்டு ஒன்றாக இருந்தும் அது வேறாக ஒலிக்கிறது என்றால், பெரும்பாலும் மாறியிருப்பது சுரம் அல்ல, இந்தக் காத்திருத்தல்தான். ஒரு பதிவை எடுத்து, பாட்டை விட்டுவிட்டு, அவர் வாசிக்காமல் இருக்கும் இடங்களை மட்டும் கேளுங்கள். அவற்றைப் பென்சிலால் வரிகளுக்கு மேலே குறியுங்கள்.

தேடும்போது ஒரே பல்லவி இரண்டு விதமாகக் கிடைக்கும். என் நண்பரின் பல்லவி ஒன்றை இரண்டு பெண்கள் இரண்டு முடிவோடு பாடினார்கள். இருவரும் சத்தியம் செய்தார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸில் ழான் அலேன் என்ற ஆர்கன் கலைஞர் 1940 ஜூன் 20 அன்று போரில் இறந்தபோது அவருக்கு 29 வயது. அப்போது 13 வயதாக இருந்த தங்கை மரி கிளேர் பின்னாளில் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞராகி, 2013-இல் இறக்கும்வரை அண்ணனின் இசையை வாசித்தும் பதிப்பித்தும் வந்தார். ஒரே படைப்புக்கு அண்ணன் கையெழுத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல படிகள் இருந்தன. அவர் அவற்றை ஒப்பிட்டு, எங்கெங்கே வேறுபடுகின்றன என்பதையும் எழுதிவைத்தார். நீங்களும் இரண்டையும் எழுதி, யார் பாடியது, எந்த நாள் என்று கீழே குறித்துவிடுங்கள். சரிகமவிலேயே எழுதலாம், மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் மேற்கத்தியக் குறிப்பாகவும் ஏற்றினால் வெளியூர்க் குழுக்களுக்கும் உதவும்.

ஆல்பம் பற்றிச் சட்டம் சொல்வதில் உறுதியானவை இவை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மூன்றும் தனித்தனி. அவர் 2025-இல் மறைந்ததால், அவருடைய மெட்டுகளுக்கான உரிமை 2026 ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள், அதாவது 2085 முடிய இருக்கும். சமயச் சடங்கின் பகுதியாகப் பாடுவதற்கு 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பூசையில் பாட யாரிடமும் கேட்க வேண்டாம். ஆல்பத்துக்குக் கேட்டே ஆக வேண்டும். உயில் இல்லையென்றால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, குழந்தைக்கு மூன்றில் இரண்டு பங்கு. கடலூருக்கு இது பொருந்தும். புதுவையில் பிரெஞ்சுச் சட்டத்தைத் தேர்ந்துகொண்ட ரெனோன்சான் குடும்பமென்றால் கணக்கே வேறு. மகள் சிறுமி என்பதால் அவள் பங்கு விஷயத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டே எதையும் எழுதி வாங்குங்கள். வரிகள் வேறொருவர் எழுதியது என்றால் அவருடைய சம்மதமும், பாடியவர்களின் சம்மதமும் தேவை.

சந்தேகத்துக்கு இடமானவை இரண்டு. பங்கு அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்திருந்தால், வேலையின் பகுதியாகப் போட்ட மெட்டுகளின் உரிமை பங்குக்கே என்று யாராவது வாதிடலாம். சன்மானமாகக் கொடுத்த தொகை சம்பளம் ஆகுமா என்பதில் இரு தரப்பும் பேச இடமிருக்கிறது. பங்குத்தந்தையிடம் முன்பே பேசி, குடும்பத்துக்கே உரிமை என்று ஒரு கடிதம் வாங்கிவிடுவது சண்டையைத் தவிர்க்கும். இரண்டாவது, மெட்டு அவருடையதுதானா என்பது. கோயில் பாட்டுகளில் சினிமா மெட்டின் சாயல் இருப்பது நமக்குள் ரகசியம் இல்லை. வெளியிடும் முன் ஊரில் சினிமாப் பாட்டில் ஊறிய ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்யுங்கள். அவர் முகம் மலர்ந்தால் அந்தப் பாட்டை ஒதுக்கிவிடுங்கள். இறந்தவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் அவர் பெயரை நிறுத்த வேண்டாம்.

ஆல்பத்தை மார்ச்சுக்குள் கொண்டுவர அவசரப்படாதீர்கள் என்பேன். ஸ்டுடியோவில் புதிதாகப் பாடி, வயலினும் குழலும் ஏற்றி, அவருடைய பாட்டை அவருக்கே அடையாளம் தெரியாமல் செய்துவிடுவார்கள். மார்ச்சுக்குள் செய்ய வேண்டியது பல்லவிகளைத் திரட்டுவது. கிடைத்தவற்றில் அவருடைய குரலும் வாசிப்பும் தெளிவாக இருப்பதை ஒரு பென் டிரைவில் போட்டு, உரிமைக் காகிதம் எதுவும் கையில் இல்லாத ஒரு நாளில், அவருடைய மனைவியிடமும் குழந்தையிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நினைவுத் திருப்பலிக்கு அவருடைய நாற்காலியில் யார் உட்காருவது என்ற பேச்சும் உங்கள் குழுவில் நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செவ்வாய் மாலை யாரும் உட்கார வேண்டாம். தவக்காலம்தானே, கீபோர்டு மூடியிருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. ஒரு சுருதிப் பெட்டி போதும். இரண்டு கட்டையில் வைத்துத் தொடங்குங்கள். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கும் அது எட்டும்.